வைவது வைத்தியம் ஆகாது

சென்ற மாதம் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். லாஸ்பேட்டையில் ஒரு சின்ன மண்டபம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் என் பேத்தி, அவள் பக்கத்தில் என் தங்கை. பேத்திக்கு வயது 14. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். இலையில் ஜாங்கிரி வைத்தார்கள். அவள் அதைக் கையில் எடுத்த நேரம், பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த உறவுக்காரர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி, "ஏம்மா, இது உனக்குத் தேவையா? இப்பவே இப்படி இருக்கியே, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பிள்ளை ஜாங்கிரியை இலை ஓரத்தில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சோற்றையும் தொடவில்லை.

என் தங்கைக்கு 72 வயது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரை நிமிர்ந்து பார்த்து, "உங்கப்பா சர்க்கரை வியாதியிலதானே போனாரு? குச்சி மாதிரிதானே இருந்தாரு? அவரு இலையை யாரு எட்டிப் பார்த்தா?" என்று கேட்டாள். பந்தி அடங்கிவிட்டது. அந்த மனிதர் சாம்பார் வாளியைத் தேடிக்கொண்டு போனார்.

ஆட்டோவில் திரும்பும்போது தங்கை என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அவன் புதுசா எதுவும் சொல்லலை. நீயும் சொன்னதுதான்."

உண்மை. நானும் சொன்னதுதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உடல் பருமன் ஒரு நோய். அதற்கு நாம் காலம் காலமாகக் கொடுத்துவரும் மருந்து வசவு. வீட்டில் வசவு, பள்ளியில் கேலி, ஆஸ்பத்திரியில் அதட்டல். இந்த மருந்தால் ஒருவரும் குணமாகி நான் பார்த்ததில்லை. கெட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தும் அதை நிறுத்த நமக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது இலவசம், கொடுக்கிறவருக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 1960 வாக்கில் எங்கள் வகுப்பில் ஒரு குண்டுப் பையன் இருந்தான். பிரெஞ்சில் அப்படிப்பட்ட பிள்ளைகளை 'பூபூல்' என்பார்கள், நம் ஊரில் 'உருண்டை' என்கிற மாதிரி. அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவன் நான். அவன் மைதானத்தில் ஓடினால் அவன் கால் வைக்கும் தாளத்துக்குச் சரியாக நாங்கள் கை தட்டுவோம். இரண்டு மாதத்தில் அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். பிறகு நாங்களே, 'அவன் ஓடமாட்டான், சோம்பேறி' என்று சொன்னோம். ஓட வந்தவனைத் துரத்தியது யார் என்று யோசிக்க எனக்கு அறுபது வருடம் ஆகியிருக்கிறது.

தங்கையின் கதை இன்னும் மோசம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டது. நாற்பது வயதில் முழங்கால் வலி. ஒரு டாக்டரிடம் போனாள். அவர் முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எடை மெஷினில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, "இந்த மூட்டையை அந்தக் கால் எப்படிம்மா தாங்கும்? வாயைக் கட்டிட்டு வா" என்றாராம். பக்கத்தில் நின்ற அட்டெண்டர் சிரித்தாராம். டாக்டர் பெயரும் இடமும் இங்கே வேண்டாம். அவர் ஒருவர் இல்லை, அந்த மாதிரி நிறையப் பேர்.

அதற்குப் பிறகு தங்கை ஒன்பது வருடம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை. அந்த ஒன்பது வருடத்தில் சர்க்கரை வியாதி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. புதுச் செருப்பு கடித்து வந்த புண் ஆறவில்லை. ஆறவில்லை என்று எங்களிடம் சொல்லவும் இல்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு போனபோது வலது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை: "அப்பவே வாயைக் கட்டியிருந்தா இது வந்திருக்குமா?" அவள் பதில் சொல்லவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் வாயைக் கட்டவில்லையா? எனக்குத் தெரிந்து ஐந்து தடவை கட்டினாள். கொள்ளுக் கஞ்சி, வெறும் கோதுமை, பழம் மட்டும், ராத்திரிப் பட்டினி, யாரோ வீடு வீடாகக் கொண்டுவந்து விற்ற டப்பாப் பொடி. ஒவ்வொரு தடவையும் எட்டு, பத்து கிலோ குறையும். ஊரே மெச்சும். பத்து மாதத்தில் போனது வட்டியோடு திரும்பும். ஊரே சிரிக்கும். அவள் வீட்டுக் கணக்கு நோட்டில் பால், மளிகை வரிசைக்குப் பக்கத்தில் எடையையும் எழுதிவைத்திருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பில் கட்ட அந்த நோட்டைப் புரட்டினேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த புத்தி, கூட்டிப் பார்க்கத் தோன்றியது. நாலு பேர் இருந்த அவள் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய். நாலு பேர் இருந்த என் வீட்டிலும் மூன்று லிட்டர்தான். சர்க்கரை எங்கள் வீட்டில்தான் ஒரு கிலோ அதிகம். நான் ஒல்லி. இது விஞ்ஞான நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுவரை அவளை 'அதிகம் தின்கிறவள்' என்று எதை வைத்துச் சொன்னேன் என்று கேட்டுக்கொண்டேன். உடம்பைப் பார்த்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

'உள்ளே போவது அதிகம், செலவாவது குறைவு. மிச்சம்தான் கொழுப்பு. இதில் என்ன ரகசியம்?' என்று கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கிற நண்பர் தினமும் சொல்வார். கணக்கு சரி. பிரெஞ்சுப் பள்ளியில் லவுவாசியேயைப் படித்தவன் நான். பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் கினிப்பன்றியை வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்து, மூச்சு விடுவதும் ஒரு வகை எரிதல்தான் என்று காட்டியவர் அவர். உடம்பில் எரியாமல் எதுவும் மாயமாக மறையாது. ஆனால் நண்பர் ஒன்றை மறக்கிறார். இந்தக் கணக்கில் செலவு எழுதும் எழுத்தர் நாம் அல்ல. உடம்பு.

அரசு ஆபீசில் வேலை செய்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்: ஒதுக்கீட்டில் 20 சதவீதம் வெட்டு. வெட்டியவர் மிச்சம் பிடித்துவிட்டதாக நினைப்பார். ஆபீஸ் என்ன செய்யும்? ஜீப்பை வெளியே எடுக்காது, காலியிடத்தை நிரப்பாது, கோப்பை மெதுவாக நகர்த்தும். அடுத்த வருடம் பணம் வந்ததும் முதல் வேலையாக ஸ்டோர் ரூமை நிரப்பும், மறுபடி வெட்டினால் என்ன செய்வது என்று. உடம்பும் இதையேதான் செய்கிறது.

இது என் கற்பனை இல்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். நல்ல ஆரோக்கியமான ஆண்கள். எடையில் கால் பங்கு போயிற்று. அதோடு அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தியும் சுமார் 40 சதவீதம் குறைந்தது. குளிர் தாங்கவில்லை, மாடி ஏற முடியவில்லை, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம்போல் படித்தார்கள். பட்டினி முடிந்ததும் எவ்வளவு தின்றும் அடங்கவில்லை. அவர்களைத் தீனிப்பண்டாரம் என்று யாராவது சொல்வோமா?

எடை குறைப்புப் போட்டி நடத்தும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் எடை திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவு செய்யும் சக்தி, அதே பருமனுள்ள மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஏறத்தாழ ஏழெட்டு இட்லி. தினமும் அந்த ஏழெட்டு இட்லியை விட்டுக்கொடுத்தால்தான் மற்றவரோடு சமமாக நிற்கவே முடியும்.

காரணமும் இன்று தெரியும். 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பிலிருந்து சுரந்து, 'கையிருப்பு இவ்வளவு' என்று மூளைக்குத் தகவல் அனுப்புவது அது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிப் பசியைக் கிளப்பிவிடும். எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்த கட்டுரை 1986இல் வந்தது. அவர்கள் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, சோறு போட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை.

பிரெஞ்சில் பத்தியத்துக்கு 'ரெழீம்' என்று சொல்வார்கள். அரசாங்கத்துக்கும், ஆட்சி முறைக்கும் அதே சொல்தான். என் தங்கையின் ஐந்து ரெழீமும் ஐந்து ஆட்சிக் கவிழ்ப்புதான். உடம்பு என்ற பழைய ராஜா ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

'அப்படியானால் எடை கூடினால் கூடட்டும் என்கிறீரா?' என்று நண்பர் கேட்பார். இல்லை. அதை நான் சொல்லவே மாட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய், கல்லீரல் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சு நின்று போவது, சில வகைப் புற்றுநோய், முழங்கால் தேய்மானம், இத்தனைக்கும் இது வாசல் திறந்துவிடுகிறது. நம் புதுச்சேரியில் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் எடை அதிகம் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பத்துக்கு நாலு பேருக்கு வரும் ஒன்றை ஒவ்வொருவருடைய பேராசை என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. நாற்பது வருடத்தில் புதுச்சேரிப் பெண்களின் ஒழுக்கம் கெட்டுவிட்டதா? கெட்டது தெரு. நடந்து போன இடத்துக்கு வண்டி, தண்ணீர் குடித்த இடத்தில் சர்க்கரை பானம், முக்குக்கு முக்கு பேக்கரி, ராத்திரி பதினொரு மணிக்கும் வீட்டு வாசலில் பார்சல்.

அதோடு, பார்வையை வைத்து நோய் சொல்ல முடியாது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே நல்ல சாட்சி இருக்கிறது. புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் தங்கள் இருவரையுமே அளந்து 2004இல் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். இந்த ஒல்லிக் குண்டர்களில் நானும் ஒருவன். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. எனக்கும் 58 வயதில் சர்க்கரை வந்தது. ஒருவர்கூட என்னைப் பார்த்து "வாயைக் கட்டியிருந்தால்..." என்று சொல்லவில்லை. "டென்ஷன் சார், ஆபீஸ் வேலை" என்றார்கள்.

முள் மட்டுமே முக்கியம் இல்லை என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவில்லை, இருந்தும் பலன் கிடைத்தது! எடை இறங்காததால் 'எல்லாம் வீண்' என்று நடையை நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் இதை யாராவது சொன்னார்களா? 'இன்னும் குறையலையே' என்றுதானே சொன்னோம்?

வசவுக்கு இன்னொரு விளைவு உண்டு. வெட்கப்பட்டவர் டாக்டரிடம் போகமாட்டார், டப்பா விற்பவனிடம் போவார். பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கும் பழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதில் பல வருடம் தொடர்ந்து படித்த வழக்கு மெடியாத்தோர். செர்வியே என்ற கம்பெனியின் மாத்திரை. சர்க்கரை நோயாளிகளுக்கு என்று 1976இல் சந்தைக்கு வந்தது. பசியை அடக்கும் என்பதால் மெலிய ஆசைப்பட்டவர்களுக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 50 லட்சம் பேர் விழுங்கினார்கள். அது இதய வால்வைக் கெடுத்தது. ஸ்பெயினும் இத்தாலியும் முன்பே கைவிட்ட மாத்திரை பிரான்சில் 2009 நவம்பர் வரை விற்றது. பிரெஸ்த் நகரில் நுரையீரல் டாக்டர் இரேன் ஃபிராஷோன் என்ற அம்மையார் தன் நோயாளிகளின் கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, விடாமல் கத்தியதால்தான் விஷயம் வெளியே வந்தது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்று மதிப்பிட்டார்கள். 2021 மார்ச்சில் பாரீஸ் நீதிமன்றம் கம்பெனியைக் குற்றவாளி என்றது. கண்காணிக்காமல் தூங்கிய அரசு மருந்து நிறுவனத்துக்கும் அபராதம் விதித்தது. அந்த இரண்டாவது வரியைப் படித்தபோது, கோப்பு பார்த்துப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்கு வேர்த்தது.

அந்த 50 லட்சம் பேரில் மெலிய ஆசைப்பட்டவர்களை அந்த வாசலுக்குத் தள்ளியது வெட்கம். நம் ஊரில் தள்ளப்படுகிறவர்கள் கொழுப்பு கரைக்கும் டீ, பெல்ட், பொடி என்று போகிறார்கள். என் தங்கை குடித்த பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இப்போது வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது. செமாக்ளுடைடு, டிர்செபடைடு. 2025இல் எடைக்கான மருந்தாகவே இந்தியக் கடைகளுக்கு வந்தன. இதைப் பற்றி இரண்டு கூட்டம் இரண்டு விதமாகக் கத்துகிறது. இரண்டோடும் எனக்குச் சண்டை உண்டு.

'ஊசி போட்டு இளைப்பது குறுக்கு வழி, உழைத்து இளைக்கணும்' என்பது ஒரு கூட்டம். ஐயா, நீங்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறீர்களே, அது குறுக்கு வழியா? கண்ணாடி போடுவது கண்ணின் சோம்பேறித்தனமா? பசியை மூளையில் போய்த் தணிக்கும் மருந்து வேலை செய்கிறது என்பதே, கோளாறு அங்கேதான் இருந்தது, மானத்தில் இல்லை என்பதற்குச் சாட்சி. 2021இல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் செமாக்ளுடைடு எடுத்தவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. வெற்று ஊசி எடுத்தவர்களுக்கு 2.4 சதவீதம். இரு பிரிவினருக்கும் உணவு ஆலோசனையும் நடையும் உண்டு.

'நாலு ஊசி போட்டால் கல்யாணத்துக்குள் சிக்கென்று ஆகிவிடலாம்' என்பது மற்றக் கூட்டம். அவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்தை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று அதே ஆய்வின் தொடர்ச்சியில் வந்திருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரைபோல இதுவும் நீண்ட உறவு. குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கொழுப்போடு தசையும் போகும், அதனால் பருப்பு, முட்டையும் கை கால் பயிற்சியும் கூடவே வேண்டும். 2025இல் வந்தபோது மாதம் பல ஆயிரம் ரூபாய். செமாக்ளுடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். விலை இறங்கும்போது அழகு நிலையத்தில் ஊசி போடுகிறவர்களும் முளைப்பார்கள். அப்போது நம் அரசு மருந்து அதிகாரிகள் பிரான்சின் கோப்பை ஒரு தடவை எடுத்துப் படிக்கட்டும்.

அறுவை சிகிச்சையும் இதே மாதிரிதான். சுவீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துச் சொச்சம் பேரைப் பல வருடம் கவனித்ததில், இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களில் சாவு குறைவு என்று தெரிந்தது. தகுந்தவருக்குத் தகுந்த இடத்தில் செய்தால் நல்ல வைத்தியம். வாழ்நாள் முழுவதும் வைட்டமினும் பரிசோதனையும் வேண்டும். ஆனால் இங்கே ஒரு காகித வேடிக்கையைப் பாருங்கள். இந்தியர்களுக்கு 25 என்ற குறியீட்டிலேயே பருமன் தொடங்குகிறது என்று நம் டாக்டர்களே 2009இல் வரம்பு வகுத்தார்கள். இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்தால் அறுவைக்குப் பணம் தர 40 வேண்டும், அல்லது கடுமையான துணை நோயோடு 35 வேண்டும். திட்டுவதற்கு இந்திய அளவுகோல், பணம் கொடுப்பதற்கு அமெரிக்க அளவுகோல். இப்படி இரண்டு தராசு வைத்த வியாபாரியைப் பிடித்து அபராதம் போடுவார்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. சின்னச் சின்னதாகச் சொல்கிறேன்.

டாக்டர்களுக்கு: முழங்கால் வலி என்று வந்தால் முழங்காலைப் பாருங்கள். மெஷினை அறைக்கு உள்ளே, திரைக்குப் பின்னால் வையுங்கள். 'எடையைப் பற்றிப் பேசலாமா?' என்று முதலில் கேளுங்கள். முள்ளோடு இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் தூக்கத்தையும் பாருங்கள். 2025 ஜனவரியில் லான்செட் ஆணையம், உறுப்புகளுக்குப் பாதிப்பு வந்துவிட்ட பருமன், இன்னும் வராத பருமன் என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. அந்தப் பகுப்பை நோயாளிக்கும் விளங்கச் சொல்லுங்கள். உடம்பு எதிர்த்து நிற்கும், அது உன் குற்றம் இல்லை, அதற்கும் வழி உண்டு என்று ஒரு தடவை சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் 1990களில் கிடைத்திருந்தால் என் தங்கைக்குக் காலில் பத்து விரலும் இருந்திருக்கலாம்.

அரசுக்கு: பருமன் உள்ளவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைச் சோதனையும் மரியாதையான ஆலோசனையும் கிடைக்கட்டும். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி வைத்ததால் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பார்க்கிறோம். வில்லியனூரிலும் அரியாங்குப்பத்திலும் இருப்பவர் எங்கே நடப்பார்?

வீட்டிலிருப்பவர்களுக்கு: அடுத்தவர் இலையைப் பார்க்காதீர்கள். பிள்ளைக்கு மட்டும் தனிப் பத்தியம் போட்டுவிட்டு மற்றவர்கள் பஜ்ஜி தின்னாதீர்கள். மாற்றினால் வீடு மொத்தமும் மாற்றுங்கள். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை வாட்சப்பில் அனுப்புவதற்கு முன், அனுப்பப்படுகிறவர் அதை எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறார் என்று யோசியுங்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் பேத்தியை என் மகள் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். நானும் போனேன். அந்த அம்மா வளர்ச்சி அட்டவணையை எடுத்துப் பார்த்தார், தைராய்டும் சர்க்கரையும் எழுதினார், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டார். பிறகு "உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்?" என்றார். "நீச்சல். ஆனா நீச்சல் உடுப்புப் போட்டா சிரிப்பாங்க" என்றாள் பிள்ளை.

இப்போது காலை ஆறு மணிக்கு அவளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகிறவன் நான்தான். எடை எவ்வளவு என்று கேட்பதில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். சிரிக்கிறவன் யாராவது வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று. முதல் நாள் தங்கையும் கூட வந்தாள். தடியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "அண்ணே, நாமளும் சின்ன வயசுல நீச்சல் கத்துக்கிட்டிருக்கலாம்" என்றாள்.

"நீ வந்திருப்பே. நான் கரையில நின்னு கை தட்டியிருப்பேன்" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை.